படிவத்தில் நான் நின்ற வாசல்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் தொலைபேசி நிறுவனத்தின் ஹட்டன் கிளையிலிருந்து கேட்டார்கள். "பழைய செங்கல் போன் கதையெல்லாம் எழுதுங்க சேர், சிரிக்கிற மாதிரி" என்றார் ஒரு தங்கை. சிரிக்கிற கதை என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

லிந்துலைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர்தான் அந்தப் பக்கம் முதன்முதலாக அனலாக் கைத்தொலைபேசி வாங்கியவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றி அதில்தான் பேசுவார். பேசி முடித்துக் கடையை விட்டு இறங்கினால், எதிரே தேநீர்க் கடைக்காரர், "என்ன மொதலாளி, மாத்தளை மாப்பிள்ளை வேணாம்னுட்டீங்களாமே?" என்பார். போனில் பேய் இருக்கிறது என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கடை தள்ளி ரேடியோ திருத்துகிறவர் ஒரு பழைய பெட்டியைக் குடைந்து வைத்து, முதலாளி பேசுவதை வேலை செய்துகொண்டே கேட்டிருக்கிறார். அனலாக்குக்கு எதையும் மறைக்கத் தெரியாது. குரல் எப்படிப் போனதோ அப்படியே காற்றில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். டிஜிட்டல் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. முதலாளியின் மகளுக்கும் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது.

சிரித்தாகிவிட்டது அல்லவா? இனி எழுதப்போவதை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். கீழே பங்களா, அலுவலகம், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை. அங்கிருந்து ஒன்றரை மைல் ஏறினால், மலை முதுகைத் தாண்டி மறுபக்கச் சரிவில் மேற்பிரிவு: தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் மூன்று லயங்கள், ஒரு பிள்ளைமடுவம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்ட ஆயம்மா என் அக்கா லெட்சுமி. நான் பிறந்தது அந்த மூன்றாவது லயத்தில், கடைசிக்கு முந்தின ஒற்றையறைக் காம்பராவில்.

இதைத்தான் நான் வேலையிடத்தில் சொல்லவில்லை. "உங்க அப்பா என்ன செய்றார்?" என்று சேர்ந்த முதல் நாள் கொழும்பில் ஒருவர் கேட்டார். "ஹட்டன் டவுன்ல கடை" என்று வாயில் வந்துவிட்டது. அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர், அப்போது செத்து இரண்டு வருடம். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக அதன் பிறகு எத்தனை வார்த்தை சொன்னேன் என்று கணக்கில்லை. கடை எந்தத் தெருவில், என்ன வியாபாரம், ஏன் மூடினீர்கள் என்று கேட்கக் கேட்கக் கடைக்கு ஒவ்வொரு அலமாரியாகச் சேர்த்துக்கொண்டே போனேன்.

அந்தத் தோட்டத்தை நிர்வகித்த துரை புதிய டிஜிட்டல் போன் வாங்கியபோது, தன் பழைய அனலாக் போனை மேற்பிரிவின் அவசரத்துக்கென்று கொடுத்தார். பகல் முழுக்க ஒரே இடத்தில் இருப்பவள் ஆயம்மா என்பதால் அது அக்காவிடம் வந்தது. மடுவத்தின் இடது பக்க ஜன்னலில் வைத்தால் மட்டும் பேசும். ஒரே இரைச்சல். பாதி வார்த்தை மழையில் நனைந்த காகிதம் போல வரும். ஆனாலும் வரும். "லொறி அனுப்புங்க" என்பது கீழே கேட்டுவிடும். பிரசவ வலி, பாம்புக்கடி, குளவிக் கொட்டு, எல்லாவற்றுக்கும் அந்த ஜன்னல்தான்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றுதான். அனலாக் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசி மூச்சு வரை எதையாவது முனகும். டிஜிட்டல் கண்ணாடி மாதிரிக் கேட்கும், ஒரு மேட்டைத் தாண்டினால் சட்டென்று ஒன்றுமே இருக்காது. ஆகவே பழையது அரைகுறையாகப் பேசிய இடத்தில் புதியது முழுதாகப் பேசும் என்று யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்த தவறு என்றால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளாது.

அனலாக்கை நிறுத்தும் நேரம் வந்தபோது எங்கள் நிறுவனம் ஒரு நல்ல விதி போட்டது. பழைய போன் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் நேரில் போக வேண்டும், அந்த இடத்திலேயே மீட்டரைப் பிடித்து டிஜிட்டல் கிடைக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கிடைக்கவில்லை என்றால், அங்கே ஒரு சிறு கோபுரம் வைக்கும் வரை அந்தப் பகுதியின் பழைய அனலாக் நிலையத்தை அணைக்கக் கூடாது. "இல்லை" என்று ஒரு சொல் எழுதினால் போதும், அந்தச் சரிவு காப்பாற்றப்படும்.

எங்கள் பகுதிக்கு என்னோடு வந்தவர் கொழும்புப் பொறியியலாளர். நாங்கள் லொகு மகத்தயா, பெரிய ஐயா, என்போம். கெட்ட மனிதரே இல்லை. போர் நடந்த கெடுபிடியான காலம் அது. தமிழ்ப் பெயரோடு, அன்டெனா நீட்டிய கருவியோடு சோதனைச் சாவடியில் நான் இறங்கினால் சிப்பாய்களின் முகம் மாறிவிடும். அவர் என் தோளில் கை போட்டு, "மகே மினிஹா" என்பார். என் ஆள் என்று அர்த்தம். அவர் வாய்ச் சொல்லை நம்பி எத்தனையோ முறை என்னை விட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வருகிறோம் என்று அக்காவுக்கு அந்தப் பழைய போனிலேயே நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்? தம்பி பெரிய வேலையில் இருக்கிறான் என்று அவள் நாலு பேரிடம் சொல்லட்டும் என்ற ஆசை. லொகு மகத்தயாவும் கூட வருவார் என்பது புதன்கிழமைதான் தெரிந்தது.

பங்களாவை ஒட்டிப் பாதை வளையும் முடக்கில் ஜீப் நின்றது. அதற்கு மேல் நடைபாதைதான், தேயிலைக்கு நடுவே கல் படி. புல்வெளியில் மீட்டரைப் பிடித்தேன், முள் நிமிர்ந்து நின்றது. லொகு மகத்தயா சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தார்.

"உடட்டத் யமுத?" மேலேயும் போவோமா என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கணத்தில் என்னென்ன கண்ணில் ஓடியது என்று சொல்கிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. லயத்து வாசலில் சாணித் தண்ணீர். மலைத் தண்ணீர் விழும் பீலியில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு துணி துவைக்கும் பெண்கள். அதில் ஒருத்தி, "அடியே, நம்ம கவ்வாத்துக்காரரு மகன் வருது!" என்று கூவுவது. கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு அக்கா வந்து என் கன்னத்தைத் தடவுவது. என் ஹட்டன் கடை அலமாரி அலமாரியாகச் சரிவது.

"போன வாரமே நான் தனியாப் போய்ப் பார்த்துட்டேன் சேர். நல்லா இருக்கு" என்றேன்.

"ஷுவர்த?"

"ஷுவர் சேர்."

அவர் என்னை நம்பினார். சோதனைச் சாவடியில் மற்றவர்கள் அவரை நம்பியது போலவே. ஜீப் பொனட்டில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். 'சோதித்த இடம்' என்ற கட்டத்தில் 'பிள்ளைமடுவ வாசல்' என்று என் கையால் எழுதினேன். அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க வேண்டியதில்லை. பொய்க்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே விபரம் சேர்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டிருந்தது.

மறுநாள் அக்காவை அழைத்தேன். "வேலை கூடிப்போச்சுக்கா, ஏற முடியல."

இரைச்சலுக்குள்ளிருந்து, "பரவால்ல தம்பி. தேத்தண்ணி ஊத்தி வச்சிருந்தேன். மருந்துக்காரரு வீட்டுல கேட்டு பீங்கான் கோப்ப ரெண்டு வாங்கியாந்தேன், ஒங்க தொர வருவாருன்னு" என்றாள். "போனு வேல செய்யுமில்ல?"

"செய்யும்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை பழைய நிலையத்தை அணைத்தோம். அக்காவுக்குப் புதிய போன் தோட்ட அலுவலகம் வழியாகப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. புதனும் அழைத்தேன், வியாழனும் அழைத்தேன். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் பங்களா முடக்கு இல்லை, இதுதான். முடக்கில் எனக்கு யோசிக்க அரை நிமிடம் கூட இருக்கவில்லை. இங்கே பதினொரு நாள் இருந்தது. ஜீப் இருந்தது. மாற்றுக் கருவி ஒன்று களஞ்சியத்தில் சும்மா கிடந்தது. "சேர், நான் போகவே இல்லை, பொய் சொன்னேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே பழைய நிலையத்தை மறுபடி ஏற்றியிருக்கலாம். அந்தப் பெண் குரல் முடியும் வரை காதில் வைத்திருந்துவிட்டு ஒவ்வொரு நாளும் போனை வைத்துவிட்டேன்.

அங்கே அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புதிய போனை ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்கிறாள், வாசலில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் கிளாக்கரிடம் காட்டினால், அங்கே அது நன்றாகவே பேசுகிறது. "ஒனக்கு அமுக்கத் தெரியல ஆயம்மா" என்று கிளாக்கர் எல்லோர் முன்னாலும் சிரித்திருக்கிறார். தனக்குத்தான் தெரியவில்லை என்று அவளும் நம்பிவிட்டாள். தம்பி செய்யும் என்று சொன்ன போன் அல்லவா?

பன்னிரண்டாம் நாள் காலை, மேற்பிரிவு மலையில் கொழுந்து பறித்தவர்கள் மேல் குளவி கிளம்பியது. ஏதோ பறவை மரத்துக் கூட்டை இடித்துவிட்டதாம். மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்கள். பார்வதி மதினிக்குக் கால் வழுக்கியது. எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா பார்வதி மதினி. நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தபோது எங்கள் வீட்டில் விளக்குக்கு மண்ணெண்ணெய் தீர்ந்தால், அவர்கள் வீட்டு விளக்கைக் கூரை தொடாத நடுச்சுவருக்கு மேலே தூக்கி வைப்பார்கள், வெளிச்சம் இந்தப் பக்கமும் விழட்டும் என்று.

மதினியை மடுவத்துக்குத்தான் தூக்கி வந்தார்கள், போன் அங்கே இருக்கிறது என்பதால். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். ஜன்னல், வாசல், கொல்லை என்று ஓடி ஓடி அமுக்கினாள். சுற்றி நின்றவர்கள், "நல்லா அமுக்கு லெட்சுமி, சரியாப் பாத்து அமுக்கு" என்று கத்தினார்கள். கடைசியில் போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி மலை முதுகில் இருக்கும் முனியாண்டி கோயில் வரை ஓடினாள். அங்கே கிடைத்தது. லொறி வந்து மதினியை ஏற்றும்போது முக்கால் மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நான் சில வருடம் ஓட்டினேன்.

சாவுக்குப் போனேன். தப்புச் சத்தத்துக்கு நடுவே மதினியின் இரண்டு பெண் பிள்ளைகளும் லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் கவிதாவுக்கு எட்டு வயது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சித்தப்பா, உக்காருங்க" என்று இடம் விட்டாள்.

தொழிற்சங்கத் தலைவர் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டார். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவரும் மழை என்று பங்களாவோடு நின்றுகொண்டார். அக்காவைக் கீழே அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார். என் படிவம் அவர் கையில் இருந்தது. ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது: இடம் முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளது, கருவியை இயக்கப் பாவனையாளருக்குப் போதிய பழக்கம் இல்லை. அறிக்கையைப் படித்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். பீலியில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி ஆளுக மேல வந்து பாத்தாங்களான்னு கேட்டாரு தம்பி. வந்தாங்க, வாசல்ல நின்னு பாத்தாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க்கா அப்படிச் சொன்னே?"

"வேல போயிருமில்ல." குடம் நிரம்பி வழிவதை அவள் கவனிக்கவில்லை. "வந்த ஆள ஒனக்குத் தெரியுமான்னும் கேட்டாரு. தெரியாதுங்கன்னுட்டேன். நீதான் அங்க எங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. நான் போயி தம்பின்னு சொன்னா ஒனக்குக் கேவலமாப் போயிரும்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஜீப் வந்து திரும்பிப் போனதை மலை முதுகிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் ஏன் ஏறவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அந்தச் சரிவுக்கு ஒரு சிறு கோபுரம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். 'அங்கே ஏற்கெனவே நல்ல சிக்னல் இருப்பதாகப் படிவம் உள்ளதே' என்று பதில் வந்தது. வேறு காரணங்கள் காட்டி, மூன்று வருடம் அலைந்து, ஒருவழியாக வைத்தேன். பாவத்தைக் கழுவிவிட்டதாக நினைத்தேன். நடந்தது வேறு. லயங்களில் ஆளுக்கொரு போன் வந்தபோது மடுவத்தில் அது தெளிவாகப் பேசியது. "இங்க நல்லாத்தானே எடுக்குது? லெட்சுமிக்குத்தான் அமுக்கத் தெரியல, பார்வதி போயிட்டா" என்று ஊர் ஒரேயடியாக முடிவு செய்துவிட்டது. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், பீலியடியில், இருபது வருடத்துக்கு மேலாக அக்கா அதைக் கேட்டாள். நான் பதவி உயர்ந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். உங்கள் கிளைச் சுவரில் இப்போதும் அந்தப் படம் தொங்குகிறது.

இந்தக் கட்டுரையை எழுதக் கேட்டபோது அக்காவிடம் போய், எல்லாவற்றையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா கவிதாகிட்ட மொதல்ல நீயே வாயால சொல்லு. அந்தப் புள்ள பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

கவிதா இப்போது அந்த மடுவத்தில் ஆயம்மா. சுவரில் படமெல்லாம் வரைந்து, அதற்கு வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு காலை நானும் அக்காவும் போனோம். குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே ஒன்றும் விடாமல் சொன்னேன். லொகு மகத்தயாவை, படிவத்தை, பதினொரு நாளை, ஹட்டனில் இல்லாத கடையை.

நான் முடித்ததும் கவிதா தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தந்தான் சித்தப்பா அன்னிக்கு வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

பிறகு என்னைத் தாண்டிப் போய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அத்த, ஒங்களுக்கு அமுக்கத் தெரியலன்னு நானுந்தான் சொல்லியிருக்கேன். ஒங்க காதுபடவே சொல்லியிருக்கேன்." அக்கா, "விடு புள்ள, புள்ளைக முழிச்சிக்கும்" என்று அவளைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

இப்போது உங்கள் மடிக்கணினியில் மலையெல்லாம் பச்சை பூசி வருகிறது. சிக்னல் இருக்கிற இடம் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளே யாராவது ஒருவர் மருந்துக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய கோப்பையை வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருப்பார். உங்கள் சொந்தக்காரராகவும் இருக்கலாம். ஏறிப் போங்கள். போகவில்லை என்றால், போகவில்லை என்று எழுதுங்கள்.

அன்று கவிதாவும் அக்காவும் உள்ளே போன பிறகு நான் அந்த வாசலில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுகொண்டிருந்தேன். 'சோதித்த இடம்' என்று எழுதிக் கையெழுத்திட்ட இடத்தில், வேலைப் பழக்கத்தில், கையைத் தூக்கி என் போனைப் பார்த்தேன். நான்கு கோடுகள் இருந்தன.